முதலை ஆளைக் கொல்லுமா? நீர்க்கரையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சிதம்பரத்தை ஒட்டிய கொள்ளிடக் கரை ஊர்களில் யாரையாவது முதலை கடித்துவிட்டால், இரண்டு நாள் ஊர் முழுக்க அதே பேச்சுதான். ஒருவர் எல்லா முதலையையும் சுட்டுத் தள்ள வேண்டும் என்பார். இன்னொருவர், தொல்லை கொடுக்காதவரை அது ஒன்றும் செய்யாது என்பார். இரண்டையும் நம்பி நடந்தால் உயிருக்கு ஆபத்து. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும், உறுதியாகத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லா முதலையும் மனிதரைத் தின்னுமா?

இல்லை. உலகில் இருபதுக்கும் மேற்பட்ட முதலை இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மீன், நண்டு, தவளை, பறவை என்று சின்ன இரைகளோடு நின்றுவிடும். ஆளைக் கொல்லும் சம்பவங்களில் மிகப் பெரும்பங்கு இரண்டே இனங்களால் நடப்பவை. ஒன்று ஆப்பிரிக்காவின் நைல் முதலை. மற்றொன்று இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் உவர்நீர் முதலை. இந்த இரண்டுக்கும் மனிதன் வழக்கமான இரையின் அளவிலேயே இருக்கிறான். பயமுறுத்தச் சொல்லவில்லை, மான், காட்டுப்பன்றி, கன்றுக்குட்டி எல்லாம் நம் எடைதான்.

அடுத்த இடத்தில் இருப்பது நம் ஆறு, ஏரிகளில் வாழும் நன்னீர் முதலை. சதுப்புநில முதலை, மக்கர் என்றும் இதைச் சொல்வார்கள்.

இந்தியாவில் எத்தனை வகை? எதற்குப் பயப்பட வேண்டும்?

மூன்று வகை. கங்கை, சம்பல் ஆறுகளில் இருக்கும் கரியல், நீண்டு மெலிந்த மூக்கால் மீனைக் கவ்வித் தின்பது. பெரிய உடம்புதான், ஆனால் அந்த வாயை வைத்துக்கொண்டு ஆளை இழுத்துப்போகும் வேலை அதற்கு ஆகாது. இனமே அழியும் நிலையில் இருக்கிறது.

உவர்நீர் முதலை ஒடிசாவின் பிதர்கனிகா, வங்காளத்தின் சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களில் இருக்கிறது. ஆண் முதலை 5 மீட்டரைத் தாண்டும். 2011இல் பிலிப்பைன்ஸில் உயிரோடு பிடிபட்ட ஒன்று 6.17 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை. கடலிலும் நீந்தும் என்பதால் கடற்கரைகூடப் பாதுகாப்பு இல்லை. 2010இல் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக் கடற்கரையில், மூச்சுக்குழல் வைத்து நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது.

தமிழ்நாட்டின் கொள்ளிடம், அமராவதி, ஒகேனக்கல், சாத்தனூர் அணை, மோயாறு என எங்கே பார்த்தாலும் இருப்பது நன்னீர் முதலைதான். வளர்ந்தது 3 முதல் 4 மீட்டர் இருக்கும். இது பிடித்தவர்களில் காயத்தோடு தப்பியவர்கள் பலர் உண்டு. உவர்நீர் முதலையிடம் அந்த வாய்ப்பு குறைவு. ஆனால் "சாதுவான முதலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்பளவுத் தண்ணீரில் நிற்கும் ஆளை இழுக்க மூன்று மீட்டர் முதலையே போதும். குழந்தைக்கு அதைவிடச் சின்னதே போதும்.

இலங்கையில் நன்னீர் முதலையும் உவர்நீர் முதலையும் இரண்டுமே உண்டு. குளத்தில் இருப்பது ஒன்று, ஆற்று முகத்துவாரத்திலும் களப்பிலும் (கடலோர உப்பங்கழியிலும்) இருப்பது பெரும்பாலும் மற்றது.

ஆலிகேட்டரும் முதலையும் ஒன்றா? எது அதிக ஆபத்து?

நெருங்கிய உறவு, ஆனால் தனிக் குடும்பம். ஆலிகேட்டரின் முகவாய் அகன்று மழுங்கியிருக்கும். வாயை மூடினால் கீழ்த்தாடைப் பல் வெளியே தெரியாது. முதலைக்குக் கீழ்த்தாடையின் நான்காம் பல் வாய் மூடியிருந்தாலும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆலிகேட்டரில் இரண்டே இனம்: ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று சீனாவில். சீனத்தது இரண்டு மீட்டர் அளவுதான், காட்டில் அருகிப்போய்விட்டது.

மனிதருக்கு ஆபத்து என்று பார்த்தால் ஆலிகேட்டர் பெரிய முதலைகளைவிடப் பல படி கீழே. புளோரிடா மாநிலத்தில் மட்டும் சுமார் 13 லட்சம் ஆலிகேட்டர்கள் இருக்கின்றன. கோல்ஃப் மைதானக் குட்டை, வீட்டுப் பின்புற ஏரி, சாலையோரக் கால்வாய், எங்கும் கிடக்கும். அந்த மாநில வனவிலங்கு ஆணையத்தின் பதிவேட்டில் 1948 முதல் 2021 வரை, சீண்டாமலே கடித்த சம்பவங்கள் 442, அதில் இறந்தவர்கள் 26 பேர். எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு இது. ஆனாலும் 2016இல் ஆர்லாண்டோவின் உல்லாச விடுதி ஒன்றின் செயற்கை ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தையை ஆலிகேட்டர் இழுத்துப்போனது. கணக்கில் அரிது என்பது அந்தத் தாய் தகப்பனுக்கு ஆறுதல் ஆகாது. சின்னப் பிள்ளைகள் கரையோரத்தில் தனியாக நிற்கவே கூடாது என்ற விதி, ஆலிகேட்டருக்கும் முதலைக்கும் பொது.

பாம்பைவிட முதலை ஆபத்தா?

எண்ணிக்கையில் பக்கத்திலேயே வராது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. முதலைத் தாக்குதலில் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் நாடு முழுக்கச் சராசரி எடுப்பதில் ஒரு பிழை இருக்கிறது. சென்னையில் மாடிவீட்டில் இருப்பவருக்கு முதலை ஆபத்து பூஜ்யம். தினமும் காலையும் மாலையும் அதே துறையில் இறங்கித் துணி துவைக்கும் பெண்ணுக்கும், கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவருக்கும் அது அன்றாடக் கவலை. மொத்த ஆபத்தையும் சுமப்பவர்கள் மிகச் சிலர், அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். இதை மறந்துவிட்டுப் பேசும் எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு உறுத்தும்.

முதலை எப்படித் தாக்குகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து குறையும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலை துரத்திப் பிடிப்பதில்லை, காத்திருந்து பிடிக்கும். கண், மூக்கு, காது மூன்றும் தலையின் மேல்பக்கம் இருப்பதால், உடம்பு முழுக்க நீருக்குள் இருக்கும்போதே அது பார்க்கும், மோக்கும், கேட்கும். தாடைச் செதில்களில் ஊசிமுனைபோல் கறுத்த புள்ளிகள் இருக்கும். நீரில் ஏற்படும் மிகச் சின்ன அதிர்வைக்கூட அவை உணரும். குடத்தை அமிழ்த்துவதும், துணியை அலசுவதும், கால் கழுவுவதும் கும்மிருட்டிலும் அதற்குத் தெரியும்.

இன்னொன்று, முதலை பழக்கத்தைப் படிக்கும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மாடு தண்ணீர் குடிக்க வருவதையும், ஆள் குளிக்க வருவதையும் அது கவனித்து வைக்கும். "இத்தனை வருஷமா இங்கேதான் குளிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்பது நமக்குத் தைரியம், அதற்குத் தகவல்.

சமயம் வந்ததும் நீருக்கடியில் சத்தமில்லாமல் நெருங்கி, ஓரிரு மீட்டரிலிருந்து பாயும். பிடித்த பிறகு மெல்லாது, அதற்கு மெல்லும் பல் கிடையாது. ஆழத்துக்கு இழுக்கும், உடம்பைச் சுழற்றிச் சதையைப் பிய்க்கும். இறப்பவர்களில் பலர் காயத்தால் போவதற்கு முன்பே மூச்சுமுட்டிப் போய்விடுகிறார்கள். உவர்நீர் முதலையின் கடிவிசை 16,000 நியூட்டனுக்கு மேல், அதாவது ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம் என்று அளந்திருக்கிறார்கள். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று சும்மா சொல்லவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது. ஆபத்து நீர்விளிம்பிலும், முழங்கால் முதல் மார்பு வரையான தண்ணீரிலும்தான். விளிம்பிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்பவரை முதலை பிடிப்பது மிக மிக அரிது.

பசி இல்லாத முதலை கடிக்காது என்கிறார்களே?

பசி ஒரு காரணம் மட்டுமே. கூட்டைக் காக்கும் தாய் முதலை பசி இல்லாமலே பாயும். நன்னீர் முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரையில் குழி தோண்டி, இருபத்தைந்து முப்பது முட்டை இடும். இரண்டு மாதம் கழித்துக் குஞ்சு பொரிக்கும். அதுவரைக்கும் அதற்குப் பிறகும் தாய் பக்கத்திலேயே இருக்கும். அதே மாதங்களில்தான் ஆற்றில் தண்ணீர் வற்றி மடுக்களாகச் சுருங்குகிறது. மீன் பிடிப்பவர், மாடு குளிப்பாட்டுபவர், முதலை எல்லாரும் மிச்சமிருக்கும் அந்தச் சில மடுக்களுக்கே வந்து சேர்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழையில் வேறு சிக்கல். வெள்ளத்தோடு முதலை வாய்க்காலுக்கும் ஊர்க்குளத்துக்கும் வந்துவிடும். இதுவரை முதலையே பார்க்காத குளத்தில் நவம்பரில் ஒன்று கிடக்கலாம். வெள்ளம் வடிந்த கையோடு குளத்தில் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

நேரம் என்று கேட்டால், அந்தி முதல் விடியல் வரை அது அதிகம் நடமாடும். பகலில் தாக்காது என்று பொருள் இல்லை.

சிதம்பரம் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு சம்பவம்? குஜராத்தில் முதலையோடு குளிக்கிறார்களாமே?

குஜராத்தில் கேடா, ஆனந்த் மாவட்டங்களில் சரோதர் என்றொரு பகுதி. அங்கே தேவா, மலாதஜ் போன்ற ஊர்களின் குளங்களில் எல்லாம் சேர்த்து 200க்கு மேல் நன்னீர் முதலைகள் இருக்கின்றன. ஊர்க்குளத்தில் ஒரு கரையில் முதலை வெயில் காயும், மறு கரையில் பெண்கள் துணி துவைப்பார்கள். முதலையை வாகனமாகக் கொண்ட கோடியார் அம்மன் அவர்களுக்குக் கண்கண்ட தெய்வம், அதனால் யாரும் கல்லெறிவதில்லை. தாக்குதலும் குறைவு.

ஆனால் அதே மாநிலத்தில் வடோதரா நகரத்தின் நடுவே ஓடும் விஸ்வாமித்ரி ஆற்றிலும் நூற்றுக்கணக்கில் அதே இன முதலைகள் இருக்கின்றன, அங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இனம் ஒன்று, மாநிலம் ஒன்று, பக்தியும் ஒன்று. இடம்தான் வேறு. நிலையான, தெளிந்த, மீன் நிறைந்த குளம் ஒரு பக்கம். கழிவும் வெள்ளமும் நெருக்கடியுமான ஆறு மறுபக்கம். மரியாதை காட்டினால் முதலை ஒன்றும் செய்யாது என்று சரோதரைக் காட்டிச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் ஆழமான மடுக்களும் நாணல் அடர்ந்த கரையும் முதலைக்கு வசதி. அதன் இரண்டு கரையிலும் ஆற்றை நம்பியே அன்றாடம் கழியும் ஊர்கள். துவைக்க, குளிக்க, மாட்டைக் கழுவ, மீன் பிடிக்க, புல் அறுத்து அக்கரையிலிருந்து கொண்டுவர, காலைக்கடன் கழித்துவிட்டுக் கால் கழுவ, எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கால் வைத்தாக வேண்டும். தாக்கப்பட்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள், முதலையைச் சீண்டப் போனவர் யாரும் இருக்கமாட்டார். வேலையாகப் போனவர்கள்தான்.

அப்படியானால் என்னதான் வழி?

படித்துறையைச் சுற்றி வேலி. இதைவிடப் பலனுள்ள ஒன்று எனக்குத் தெரியாது.

இலங்கையின் மாத்தறை மாவட்டத்தில் நில்வளா ஆற்றில் குளிக்கும் துறைகளைச் சுற்றி, ஆற்றுக்குள்ளேயே கம்பு நட்டு அடைப்புக் கட்டும் வழக்கம் பழையது. தண்ணீர் உள்ளே வந்து போகும், முதலை வராது. முன்பு மரக்கம்பு, இப்போது இரும்பும் பயன்படுகிறது. பிதர்கனிகாவைச் சுற்றிய கேந்திரபாடா மாவட்ட ஊர்களிலும் வனத்துறை ஆற்றுத்துறைகளில் இப்படித் தடுப்பு வேலி போட்டிருக்கிறது. அங்கே 1970களின் நடுவில் நூற்றுக்கும் குறைவாக இருந்த உவர்நீர் முதலைகள் இப்போது 1,800க்கு மேல், ஆகவே வேலி இல்லாமல் முடியாது.

ஒரு எச்சரிக்கை. உடைந்த வேலி, வேலியே இல்லாததைவிட மோசம். உள்ளே பாதுகாப்பு என்று நம்பித்தான் குழந்தையை இறக்குவோம். கம்பு உளுத்து இடைவெளி விட்டிருந்தால் முதலை உள்ளே வந்து உள்ளேயே இருக்கும். வெள்ளம் வடிந்ததும் ஒவ்வொரு கம்பையும் அசைத்துப் பார்க்க ஊராட்சியில் ஒருவருக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும்.

அதைவிட அடிப்படையானது, வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும், மாட்டுக்குக் கரைமேல் தொட்டியும். ஆற்றுக்குப் போகும் நடை பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தால் ஆபத்தும் அதே அளவு குறைகிறது. எச்சரிக்கைப் பலகை நடுவது சுலபம், நடலாம். ஆனால் வேறு தண்ணீர் இல்லாதவரிடம் "இங்கே குளிக்காதீர்" என்று பலகை வைப்பது அவர்மேல் பழியைப் போடுவது.

நம் கையில் இருப்பவையும் உண்டு. கோழிக்கடைக் கழிவையும் மீன் கழிவையும் செத்த நாயையும் துறைக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள், அது முதலைக்கு வைக்கும் விருந்து. தூண்டில் போடுபவர் கரைமேல் நின்று போடட்டும், மீனைத் தண்ணீர் ஓரத்தில் அரிய வேண்டாம். நாயை நீரோரம் அழைத்துப் போகாதீர்கள். முடிந்தால் வாளி கட்டி இறைத்துக் கரையில் குளியுங்கள். சுற்றுலா போன இடத்தில் முதலைக்குத் தீனி எறியாதீர்கள். மனிதன் என்றால் தீனி என்று ஒருமுறை அது கற்றுக்கொண்டால், அடுத்து அங்கே வருபவர் அதன் விலையைக் கொடுப்பார். புளோரிடாவில் ஆலிகேட்டருக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றையும் பிடித்து வேறெங்காவது விட்டுவிட்டால்?

ஊருக்குள் வந்த முதலையைப் பிடித்து அகற்றத்தான் வேண்டும். சிதம்பரம் பக்கம் பிடிபடுபவற்றை வனத்துறை வக்காரமாரி ஏரியில் விடுவது வழக்கம். ஆனால் இதுவே முழுத்தீர்வு ஆகாது. ஆஸ்திரேலியாவில் கேப் யார்க் தீபகற்பத்தின் ஒரு கரையில் பிடித்த உவர்நீர் முதலையை ஹெலிகாப்டரில் மறு கரைக்குக் கொண்டுபோய், செயற்கைக்கோள் கருவி கட்டி விட்டார்கள். 20 நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் கடலைச் சுற்றி நீந்திப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. முதலைக்குத் தன் இடம் தெரியும். அது திரும்பாவிட்டாலும், காலியான நல்ல மடுவுக்கு வேறொன்று வந்து சேரும்.

கொன்றால் என்ன?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நம் மூன்று இனமும் இருக்கின்றன. கொன்றால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்ட பிறகு, 1975இல் அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் பாம்பு, முதலை ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் மற்றவர்களும் முதலைப் பண்ணையை நிறுவினார்கள். அந்த உழைப்பால்தான் இன்று முதலை இருக்கிறது. அது இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் காப்பாற்றும் முடிவை எடுத்தவர்கள் நாம் எல்லாரும், அதற்கான அபாயத்தை ஏற்பவர்கள் மட்டும் கரையோர மக்கள். வேலிக்கும் குழாய்க்கும் ஆகும் செலவு நாம் எல்லாரும் பட்டிருக்கும் கடன்.

தரையில் துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமா?

வேண்டாம். நீரை விட்டு விலகி நேராக ஓடுங்கள். தரையில் முதலையின் வேகம் சில விநாடிக்குத்தான், ஆளைத் துரத்திப் பிடிக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. வளைந்து ஓடினால் தூரம் குறையும், கால் இடறும்.

பிடித்துவிட்டால்?

போராடுங்கள். சும்மா இருந்தால் விட்டுவிடும் என்பது முதலையிடம் பலிக்காது. கண்ணில் கட்டைவிரலை விட்டுக் குத்துங்கள், முகவாயில் கையில் கிடைத்ததால் அடியுங்கள். வாய்க்குள் கை மாட்டியிருந்தால், தொண்டையை அடைக்கும் சதைமடலைத் தள்ளிப் பாருங்கள், அது திறந்தால் தண்ணீர் உள்ளே போகும் என்பதால் சில சமயம் பிடியைத் தளர்த்தும். தப்பியவர்களில் பலர் இப்படித்தான் தப்பினார்கள். கரையில் இருப்பவர் கூட இறங்காமல், கழியோ கயிறோ நீட்டட்டும், கூச்சல் போட்டு ஆள் கூட்டட்டும்.

கடிபட்டவருக்கு முதலில் என்ன செய்வது?

கரையிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்திப் பிடியுங்கள். 108க்கு அழையுங்கள். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். முதலை வாயிலும் ஆற்றுத் தண்ணீரிலும் இருக்கும் கிருமிகள் ஆழமான பல்குழியில் இறங்கி, இரண்டு நாளில் கை காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவிடும். டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கட்டாயம். மஞ்சள், சுண்ணாம்பு, மண் எதுவும் வைக்க வேண்டாம். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், அரசு இழப்பீடு கேட்க அவை தேவைப்படும்.

ஒரே இரவில் ஆயிரம் படைவீரரை முதலைகள் தின்றனவாமே?

1945 பிப்ரவரியில் பர்மாவின் ராம்ரீ தீவில் பின்வாங்கிய ஜப்பானியப் படையைப் பற்றிய கதை அது. வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. குண்டு, தாகம், நோய், நீரில் மூழ்கியது என்று பல காரணங்களால் இறந்தவர்களை முதலை கணக்கில் எழுதிவிட்டார்கள். ஒரு சிலரை முதலை பிடித்திருக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் முதலை கிடக்கிறது, என்ன செய்ய?

பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அடையுங்கள். சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்காதீர்கள், திரும்ப வழியில்லாத முதலைதான் பாயும். நீர்நிலை இருக்கும் பக்கத்தை விட்டு விலகி நில்லுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கயிறு வீசிப் பிடிக்கப் போகும் இளைஞர்கள் வாயை மட்டும் கவனிக்கிறார்கள், வால் அடியில் கால் எலும்பு முறியும்.

ஆற்றோரம் முதலைக்குட்டி கிடந்தால் எடுத்து வரலாமா?

தொடவே கூடாது. குட்டி கத்தினால் தாய்க்குக் கேட்கும், அது பக்கத்துத் தண்ணீரில்தான் இருக்கும். வந்த வழியே கரைக்கு ஏறி, அந்த இடத்தை வனத்துறைக்குத் தெரிவித்து, மழைக்காலம் வரும்வரை அந்தத் துறையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிடுங்கள்.